கார் மைலேஜ் சட்டம்: ஒவ்வொரு வண்டிக்குமா, கம்பெனி விற்கும் மொத்தத்துக்குமா?

காட்பாடி டிராவல்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். காட்பாடியில் ஆறு வண்டி வைத்து டிராவல்ஸ் நடத்துகிறேன். ரயிலில் வந்து இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிற வெளிமாநிலக்காரர்கள், ஸ்ரீபுரம் பொற்கோயில் சவாரி, முகூர்த்த நாள் வந்தால் ஆம்பூர், குடியாத்தம், ஆரணி என்று கல்யாண வண்டி. இதில் இரண்டு வண்டிக்கு வயசாகிவிட்டது, மாற்றியாக வேண்டும்.

போன வாரம் ஒரு ஷோரூமுக்குப் போனேன். நான் கேட்டது ஏழு சீட்டு டீசல் வண்டி. அங்கிருந்த விற்பனைப் பையன் அதைக் காட்டவே மனமில்லாமல் மின்சார வண்டியையும் சிஎன்ஜி வண்டியையுமே சுற்றிச் சுற்றிக் காட்டினான். ஏன் தம்பி என்று கேட்டேன். “சார், கஃபே விதின்னு ஒண்ணு இருக்கு. கம்பெனி ஆவரேஜ் தாண்டிச்சுன்னா வண்டிக்கு ஐம்பதாயிரம் ஃபைன். பெரிய டீசல் வண்டியெல்லாம் இனிமே படிப்படியா குறைச்சிடுவாங்க” என்றான். வண்டியை விற்கச் சொல்கிற பேச்சா, உண்மையாகவே சட்டம் இருக்கிறதா என்று அவன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மைலேஜுக்கு அரசாங்கம் அளவு வைத்திருக்கிறது என்றால், லிட்டருக்குப் பத்து, பன்னிரண்டு கொடுக்கிற வண்டிகள் எப்படி இன்னும் ரோட்டுக்கு வருகின்றன? அந்த ஆவரேஜ் எதனுடைய ஆவரேஜ்? நான் மாசக் கடைசியில் ஆறு வண்டியும் ஓடிய கிலோமீட்டரைக் கூட்டி, போட்ட எண்ணெயைக் கூட்டி, ஒன்றை ஒன்றால் வகுத்துப் பார்ப்பேன். கம்பெனிக்காரர்களும் அப்படித்தான் போடுகிறார்களா?

இன்னொன்று, அந்த ஐம்பதாயிரத்தைக் கட்டுவது யார்? நாளைக்கு நான் எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) காட்டப் போகிறபோது என் தலையில் வந்து விழுமா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றாக இருக்கும். வண்டி விஷயத்தில் நான் போடுவது கடன் வாங்கிய பணம்.

கொணவட்டம் பட்டறை

அண்ணா, எஃப்சிக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது. நானே வருஷம் முழுக்க எஃப்சிக்கு வண்டி ரெடி பண்ணி அனுப்புறவன். அங்க பிரேக் பாப்பாங்க, லைட்டு பாப்பாங்க, புகை பாப்பாங்க, ஸ்பீடு கவர்னர் பாப்பாங்க. உன் வண்டி லிட்டருக்கு எவ்ளோ குடுக்குதுன்னு எந்த இன்ஸ்பெக்டரும் கேக்க மாட்டாரு. பழைய வண்டி வெச்சிருக்கறவங்க யாரும் இதுக்காகப் பயப்பட வேணாம்.

ஷோரூம்ல சொல்ற மைலேஜ வெச்சு மட்டும் வண்டி எடுக்காதீங்க. நம்ம ஊர்ல கத்தரி வெயில்ல ஏசி போடாம எந்தப் பாசஞ்சர் உக்காருவாங்க? கிரீன் சர்க்கிள்ல சாயங்காலம் மாட்டினா அரை கிளட்ச்லயே நிக்கணும். அந்தக் கணக்கெல்லாம் கம்பெனி பேப்பர்ல வராது. மத்த விஷயம் விவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

வாலாஜாக்காரன்

ஒரகடம் பக்கம் வாகனச் சோதனைக் கூடம் ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது வாலாஜாவில் ஓய்வாக இருக்கிறேன். வண்டியை உருளைமேல் ஏற்றி, சக்கரம் சுழலச் சுழல புகையைப் பையில் பிடித்து அளப்பதுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துப் படியுங்கள்.

சட்டம் இருக்கிறது தம்பி. அந்தப் பையன் சொன்னதில் பாதி சரி. கஃபே என்பது ‘கம்பெனி விற்கும் கார்களின் சராசரி எரிபொருள் திறன்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 2001ஆம் வருஷத்து எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழே, மத்திய மின்துறை அமைச்சகம் 2015 ஏப்ரலில் அறிவித்த விதி இது. 2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2022-23 நிதியாண்டிலிருந்து இரண்டாம் கட்டம் வந்து அளவு இறுகியது. டிரைவரையும் சேர்த்து 9 சீட்டுக்கு மேல் போகாத, மொத்த எடை 3,500 கிலோவுக்கு உட்பட்ட பயணிகள் கார்கள் மட்டும் இதில் வரும். குட்டி யானையும் லாரியும் இந்தக் கணக்கில் இல்லை.

இதையும் பிஎஸ்6 விதியையும் நிறையப் பேர் ஒன்றாக நினைக்கிறார்கள். பிஎஸ்6 நச்சுப் புகைக்கானது. அதில் ஒவ்வொரு மாடலும் தனித்தனியாகத் தேற வேண்டும், தேறாத மாடலை விற்கவே முடியாது. கஃபே அப்படியில்லை. அது ஒரு நிறுவனம் அந்த நிதியாண்டில் நாட்டுக்குள் விற்ற அத்தனை கார்களையும் ஒரே குவியலாகப் போட்டு, அந்தக் குவியலின் சராசரியைக் கேட்கிறது. தனி ஒரு கார் எவ்வளவு குடித்தாலும் அதைத் தடுக்க இந்த விதியில் ஒரு வரிகூட இல்லை. லிட்டருக்குப் பத்து கொடுக்கிற வண்டியை அவர்கள் தாராளமாக விற்கலாம். அதை ஈடுகட்ட, குறைவாகக் குடிக்கிற வண்டிகளும் போதுமான அளவு விற்றிருக்க வேண்டும். உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

இரண்டாவது கேள்வியில் நீங்கள் போடுகிற முறையைப் பாராட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் ஒரு வண்டி 20, இன்னொன்று 10, ஆகவே சராசரி 15 என்பார்கள். இரண்டையும் நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஒன்று 5 லிட்டர், மற்றது 10 லிட்டர். 200 கிலோமீட்டருக்கு 15 லிட்டர், அதாவது லிட்டருக்கு 13.3. இந்தக் குழப்பமே வரக்கூடாது என்றுதான் விதி “லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்” என்று கேட்பதில்லை. “100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்” என்று கேட்கிறது. லிட்டரைக் கூட்டி, வண்டி எண்ணிக்கையால் வகுத்துவிடலாம்.

ஆனால் உங்கள் கணக்குக்கும் அவர்கள் கணக்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நீங்கள் ஓடிய கிலோமீட்டரைச் சேர்க்கிறீர்கள். விதி ஓட்டத்தைப் பார்ப்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போகிற வீட்டுக் காரும், ராத்திரி பகலாக பெங்களூரு ரோட்டில் ஓடுகிற உங்கள் டாக்ஸியும் அதில் ஆளுக்கு ஒன்று. எண்ணெய் மிச்சம் என்கிற நோக்கத்தில் பார்த்தால் இது பெரிய இடைவெளி என்பது என் கருத்து. வண்டியை விற்கிற அன்றே கணக்கு முடிய வேண்டும் என்றால் வேறு வழியும் இல்லை.

டீசல், சிஎன்ஜி எல்லாவற்றையும் பெட்ரோல் கணக்குக்கு மாற்றிவிடுவார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.37 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது, டீசலில் ஏறக்குறைய 2.65 கிலோ. அதனால் டீசல் லிட்டரைக் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள்.

இனி அளவு. எல்லா நிறுவனத்துக்கும் ஒரே எண் கிடையாது. விற்ற கார்களின் சராசரி எடையைப் பொறுத்து எண் மாறும். இப்போதைய இரண்டாம் கட்டத்தில், சராசரி எடை 1,145 கிலோ என்றால் 100 கிலோமீட்டருக்கு 4.7694 லிட்டர், அதாவது கிலோமீட்டருக்கு 113 கிராம் கார்பன் டை ஆக்சைடு. அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு கிலோவுக்கும் 0.002 லிட்டர் கூடும், இறங்கினால் அதே அளவு குறையும். 100 கிலோவுக்கு 0.2 லிட்டர் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் 1,037 கிலோவுக்கு 5.4922 லிட்டர், 130 கிராம் என்று இருந்தது.

ஒரு கற்பனைக் கம்பெனி வைத்துக் காட்டுகிறேன். வருஷத்துக்கு 1,000 கார் விற்கிறது. 600 சின்ன கார், எடை 850 கிலோ, செலவு 4.5 லிட்டர். 400 எஸ்யூவி, எடை 1,500 கிலோ, செலவு 6.5 லிட்டர். சராசரி எடை 1,110 கிலோ. அந்த எடைக்கு அனுமதி 4.70 லிட்டர். அவர்கள் உண்மையில் நிற்பது 5.30 லிட்டரில். 0.60 தாண்டிவிட்டார்கள்.

இப்போது அபராதம். 2022ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. விதியைத் தாண்டினால் 10 லட்சம் வரை ஒரு அபராதம். அதற்கு மேல், தாண்டிய அளவு 0.2 லிட்டருக்குள் என்றால் அந்த வருஷம் விற்ற ஒவ்வொரு காருக்கும் 25,000 ரூபாய். 0.2க்கு மேல் போனால் காருக்கு 50,000. எஸ்யூவிக்கு மட்டும் இல்லை, 1,000 காருக்கும். நம் கற்பனைக் கம்பெனி 5 கோடி கட்ட வேண்டும். பையன் சொன்ன ஐம்பதாயிரம் இங்கிருந்து வந்தது. கட்ட வேண்டியது தயாரிப்பாளர், அல்லது இறக்குமதி செய்கிறவர். வண்டி வாங்கினவர் பெயருக்கு எந்த ஓலையும் வராது. அடுத்த வருஷ விலையில் அதை ஏற்றி வைத்தால் அது வேறு விஷயம், அதைத் தடுக்க யாராலும் முடியாது.

2022-23 கணக்கில் சில நிறுவனங்கள் அளவைத் தாண்டியதாகப் பத்திரிகைகளில் வந்தது. நிதியாண்டின் நடுவில் வந்த அபராதம், அதற்கு முன்னால் ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை விற்ற கார்களுக்கும் பொருந்துமா என்பதில்தான் வாக்குவாதம்.

மின்சார வண்டியை ஏன் உங்கள் முன்னால் தள்ளுகிறார்கள் என்பதை அடுத்து எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

காட்பாடி டிராவல்ஸ்

அண்ணா, ரொம்ப நன்றி. இதை யாரும் இப்படி எனக்குச் சொன்னதில்லை. எஸ்யூவி விற்றதற்கு அறுநூறு சின்ன காருக்கும் சேர்த்து அபராதம் என்பதை மட்டும் இரண்டு முறை படித்தேன். கண் ஓய்வு எடுத்துக்கொண்டு மின்சார வண்டி விஷயத்தை மெதுவாக எழுதுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்.

வாலாஜாக்காரன்

எழுதுகிறேன் தம்பி.

விதியில் சில வண்டிகளுக்கு மதிப்பெண் கூடுதல். ஒரு மின்சார கார் விற்றால் அது மூன்று காராக எண்ணப்படும். பிளக் போட்டுச் சார்ஜ் ஏற்றுகிற ஹைபிரிட் இரண்டரையாக, முழு ஹைபிரிட் இரண்டாக. நம் கற்பனைக் கம்பெனி 400 எஸ்யூவியில் 50ஐ மட்டும் மின்சார வண்டியாக மாற்றுகிறது என்று வையுங்கள். எடை அப்படியே இருக்கட்டும். மின்சார வண்டியின் செலவைப் பெட்ரோல் கணக்குக்கு மாற்றி, சுலபத்துக்கு 1 லிட்டர் என்று எடுத்துக்கொள்வோம்.

சின்ன கார் 600க்கு 2,700. எஸ்யூவி 350க்கு 2,275. மின்சாரம் 50, ஆனால் மூன்று மடங்காக 150. மொத்தம் 5,125. வகுக்க வேண்டியது 1,000 இல்லை, 1,100. விடை 4.66. அனுமதி 4.70. தேறிவிட்டார்கள். ஐந்து கோடி மிச்சம்.

மூன்று மடங்கு இல்லாமல் போட்டால் 5.03 வரும், தேறாது. ஆக அந்த ஐம்பது மின்சார வண்டிதான் மீதி முந்நூற்றைம்பது எஸ்யூவிக்கும் கதவு திறந்துவிடுகிறது. நிதியாண்டு மார்ச்சில் முடிவதால், வருஷக் கடைசியில் ஷோரூம்காரர்கள் இந்த வண்டிகளை விற்கக் கூடுதலாக முயல்வதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அந்தச் சமயம் போனால் விலை பேச உங்களுக்கு இடம் இருக்கிறது.

வண்டியில் சின்னச் சின்ன வசதிகளுக்கும் சலுகை உண்டு. சிக்னலில் தானாக அணைந்து எழுகிற எஞ்சின், பிரேக் பிடிக்கிறபோது மின்சாரம் எடுக்கிற ஏற்பாடு, டயர் காற்றழுத்தம் காட்டுகிற மீட்டர், ஆறு கியர் அல்லது அதற்கு மேல். உங்களுக்குப் பயன்படுகிறதோ இல்லையோ, இதெல்லாம் இப்போது சின்ன வண்டியிலும் வந்துவிட்டதற்கு இந்தச் சலுகையும் ஒரு காரணம்.

கொணவட்டம் தம்பி சொன்னதையும் நான் உறுதி செய்கிறேன். சோதனைக் கூடத்தில் வெப்பம் 20 முதல் 30 டிகிரிக்குள். ஏசி அணைத்திருக்கும். உருளைமேல் ஓடுகிற சுற்றின் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். அந்தச் சுற்று முழுக்க இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். பள்ளிகொண்டா டோலைத் தாண்டியதும் உங்கள் டிரைவர் எந்த வேகத்தில் போவார் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே கம்பெனி சராசரி 4.7 லிட்டர் என்று பேப்பரில் இருந்தாலும், ரோட்டில் குடிக்கிற எண்ணெய் அதைவிட நிச்சயம் கூடுதல். எல்லா வண்டியையும் ஒரே மாதிரி அளக்க வேண்டும் என்பதற்காக வைத்த சோதனை அது. வண்டிக்கு வண்டி ஒப்பிட அதை நம்பலாம். உங்கள் மாசச் செலவைக் கணிக்க நம்ப வேண்டாம்.

குடியாத்தம் டீச்சர்

வாலாஜா சாருக்கு வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஒரு விஷயத்தில் உங்களிடம் விளக்கம் வேண்டும், ஒரு விஷயத்தில் என் வருத்தத்தையும் சொல்ல வேண்டும்.

இந்த விதி அமெரிக்காவில் பிறந்தது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அங்கே பங்க்குகளில் வரிசை நின்றது. 1975இல் சட்டம் போட்டார்கள். 1978 மாடல் கார்களுக்குச் சராசரி கேலனுக்கு 18 மைல், 1985க்குள் 27.5 மைல் என்று இலக்கு. நம் கணக்கில் லிட்டருக்கு 7.7 கிலோமீட்டரிலிருந்து 11.7. ஆனால் கார்களுக்கு ஓர் அளவு, லேசு ரக டிரக்குகளுக்குத் தனியாகக் குறைந்த அளவு என்று பிரித்து வைத்தார்கள். குடும்ப வண்டிகளான எஸ்யூவிகள் அந்த டிரக் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டன. அங்கே சாலையில் பெரிய வண்டிகள் பெருகியதில் அந்தப் பிரிவினைக்கும் பங்கு உண்டு. கடைசியாக 2025இல் புதுச் சட்டம் போட்டு அபராதத்தையே பூஜ்யம் ஆக்கிவிட்டார்கள். விதி ஏட்டில் இருக்கிறது, பல் இல்லை.

நம் விதியில் அப்படிப் பிரிவினை இல்லை, நல்லது. ஆனால் எடைக்கு எடை சலுகை தருகிறது. ஒரு நிறுவனத்தின் சராசரி எடை 1,000 கிலோ என்றால் 4.48 லிட்டர், அதாவது லிட்டருக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். 1,500 கிலோ என்றால் 5.48 லிட்டர், 18க்குக் கொஞ்சம் மேல் வந்தால் போதும். எடை கூடினால் எண்ணெய் கூடும், அது இயற்பியல். ஆனால் எண்ணெயைக் குறைக்க வந்த விதியே எடையை ஏன் மன்னிக்க வேண்டும்? தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிற நாடு நாம். சின்ன கார் செய்கிறவரை இறுக்கி, பெரிய கார் செய்கிறவரை விட்டுக்கொடுக்கிற மாதிரி எனக்குப் படுகிறது.

என் அப்பா மொபெட்டில் எங்கள் நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு பேரணாம்பட்டு வரை போவார். மழையில் நனைந்துதான் போவோம். அந்த மாதிரிக் குடும்பம் முதலில் வாங்குவது சின்ன கார். அந்தக் காருக்கு விலை ஏறாமல் இருக்க வேண்டும் என்று மனசார நினைக்கிறேன். இதில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வாலாஜாக்காரன்

டீச்சர், நல்ல கேள்வி. வேலையில் இருந்தபோது எங்களுக்குள்ளேயே இதைப் பற்றி ஓயாமல் பேசியிருக்கிறோம்.

எடை கூடக் கூட அனுமதியும் கூடுகிற இந்த எடைச் சரிவை வைத்ததற்கு ஒரு நியாயம் உண்டு. எல்லோருக்கும் ஒரே எண் என்று வைத்தால், சின்ன கார் மட்டும் செய்கிறவர் ஒன்றும் செய்யாமலே தேறிவிடுவார். பெரிய வண்டி மட்டும் செய்கிறவர் என்ன செய்தாலும் தேற மாட்டார். இருவரையும் வேலை செய்ய வைக்க வேண்டும் என்றால், அவரவர் எடைக்கு ஏற்ற இலக்கு வேண்டும்.

ஆனால் உங்கள் வருத்தமும் நியாயம், அதற்கு இன்னும் ஆழமான ஒரு காரணம் உண்டு. ஒரு பொறியாளர் பாடுபட்டு, நல்ல உருக்கு, அலுமினியம் எல்லாம் போட்டு, வண்டியில் 100 கிலோ குறைக்கிறார் என்று வையுங்கள். எண்ணெய் செலவு குறைகிறது. ஆனால் எடை குறைந்ததால் அவர் கம்பெனிக்குரிய அனுமதியும் அதே நேரத்தில் இறங்கிவிடுகிறது. அவர் சம்பாதித்துக் கொடுத்ததில் ஒரு பகுதியை விதியே திரும்ப எடுத்துக்கொள்கிறது. மாறாக வண்டி 100 கிலோ கனத்தால் அனுமதி 0.2 லிட்டர் ஏறுகிறது. எடையைக் குறைக்கிறவனுக்கு ஊக்கம் தராத விதி எனக்கு என்றைக்கும் ஒப்பாது. அமெரிக்கர்கள் எடையை அளவாக எடுக்காமல், நான்கு சக்கரத்துக்கு நடுவில் இருக்கிற பரப்பை அளவாக எடுத்துக்கொண்டார்கள். கார்களுக்கு 2011 மாடலிலிருந்து அது கட்டாயம். அதில் வண்டியை லேசாக்கினால் லாபம் முழுக்க உங்களுக்கே. வண்டியை அகலமாக, நீளமாக ஆக்கத் தூண்டும் என்கிற குறை அதிலும் உண்டு. ஆனாலும் நம் சாலைக்கு எடைக் குறைப்பை ஊக்குவிப்பதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். லேசான வண்டி இடித்தால் எதிர் வண்டியில் இருக்கிறவருக்கும் அடி குறைவு.

அபராதத்திலும் ஒரு குறை சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் தாண்டிய ஒவ்வொரு கிராமுக்கும், காருக்கு 95 யூரோ. ஒரு கிராம் குறைத்தால் ஒரு கிராமின் பணம் மிச்சம். நம் சட்டத்தில் இரண்டே படி. 0.2 லிட்டரைத் தாண்டிவிட்டால், 0.3 தாண்டினாலும் 0.9 தாண்டினாலும் அதே ஐம்பதாயிரம். ஒருமுறை அந்தக் கோட்டைக் கடந்தவருக்கு இன்னும் கொஞ்சம் குறைப்போம் என்று நினைக்கக் காரணமே இல்லை. இது திருத்தப்பட வேண்டிய இடம். எழுதுகிற இடமெல்லாம் இதை நான் எழுதி வருகிறேன்.

சின்ன கார் பற்றி. மூன்றாம் கட்டம் 2027 ஏப்ரலில் தொடங்குகிற மாதிரி வரைவு வந்தது. 2025 செப்டம்பர் வரைவில், எடை 909 கிலோவுக்குள், எஞ்சின் 1,200 சிசிக்குள், நீளம் 4 மீட்டருக்குள் இருக்கிற பெட்ரோல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 3 கிராம் சலுகை என்று போட்டிருந்தார்கள். அதை வைத்துக் கம்பெனிகளுக்குள்ளேயே இரண்டு கட்சி. சின்ன கார் அதிகம் விற்கிறவர்கள் வேண்டும் என்றார்கள், மற்றவர்கள் ஒரு தரப்புக்கு மட்டும் உதவி என்றார்கள். என்னைக் கேட்டால், சின்ன காருக்குத் தனிச் சலுகை கொடுப்பதைவிட எடைச் சரிவைப் படுக்க வைப்பதே நேர்வழி. சரிவு குறையக் குறைய லேசான வண்டிக்குத் தானாக நியாயம் கிடைக்கும், யாருக்கும் தனியாக வேலி போட வேண்டியதில்லை. சோதனையும் உலக அளவில் இருக்கிற புதிய, கொஞ்சம் வேகமான சுற்றுக்கு மாறுகிற திட்டம் இருக்கிறது. அப்படி மாறினால் பேப்பர் மைலேஜ் ரோட்டுக்குக் கொஞ்சம் கிட்டே வரும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இது தேவையான படிப்பு டீச்சர். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் பெரிய கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த மாதிரி ஆலைகளில் வேலைக்குப் போகிற பையனும் பெண்ணும் இந்த விதியைத் தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும். எந்த வண்டி எத்தனை செய்வது என்பதை இனி இந்தக் கணக்கும் சேர்ந்துதான் முடிவு செய்யும்.

குடியாத்தம் டீச்சர்

விளக்கத்துக்கு மிக்க நன்றி சார். 100 கிலோ குறைத்தால் இலக்கும் குறைகிறது என்கிற இடம் இத்தனை நாளாக என் கண்ணில் படவில்லை. வரைபடத்தில் ஒரு சாய்ந்த கோடு போட்டு, கம்பெனிப் புள்ளிகளை வைத்து பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறேன். கோட்டுக்குக் கீழே இருந்தால் தேர்ச்சி, மேலே இருந்தால் அபராதம். சாய்வு என்றால் என்ன என்று கேட்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

காட்பாடி டிராவல்ஸ்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்றே ஒன்று. எனக்கு ஏழு சீட்டு தேவை. நோயாளியோடு நாலு பேர் துணைக்கு வருவார்கள், பெட்டி வேறு. விதி கம்பெனிக்குத்தான், எனக்கு இல்லை என்று புரிந்தது. அப்படியானால் இந்த இரண்டு வண்டியையும் எப்படி மாற்றுவது நல்லது? இப்போது கழிக்க நினைப்பதில் ஒன்று லிட்டருக்கு 10 கொடுக்கிற பழைய ஏழு சீட்டு, இன்னொன்று 18 கொடுக்கிற செடான்.

வாலாஜாக்காரன்

முதலில் அந்தப் பத்தை மாற்றுங்கள் தம்பி. ஏன் என்று லிட்டரில் பாருங்கள். 10 கொடுக்கிற வண்டி 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கிறது. அதே ஏழு சீட்டில் 14 கொடுக்கிற வண்டி வந்தால் 7.1 லிட்டர். ஏறக்குறைய 2.9 லிட்டர் மிச்சம். செடானை 18இலிருந்து 22க்கு மாற்றினாலும் அதே நாலு கிலோமீட்டர்தான் கூடுகிறது, ஆனால் மிச்சம் 1 லிட்டர்தான். மைலேஜ் எண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும், பங்க்கில் போய் நிற்கும்போது ஒன்று மற்றதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கையில் ஒரு வண்டிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் செடான் இன்னும் ஒரு வருஷம் ஓடட்டும்.

ஏழு சீட்டை டீசலிலேயே எடுப்பதானாலும், அதே மாடலின் ஹைபிரிட்டோ சிஎன்ஜியோ இருந்தால் இரண்டுக்கும் சோதனை மைலேஜ் எழுத்தில் கேளுங்கள். எடையையும் கேளுங்கள். சிஎன்ஜி என்றால் சிலிண்டர் பெட்டி வைக்கிற இடத்தை எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று டிக்கியைத் திறந்து நீங்களே பாருங்கள். உங்கள் சவாரிக்கு அது முக்கியம். மின்சார வண்டியை ஸ்ரீபுரம், காட்பாடி, ஆஸ்பத்திரி என்று ஊருக்குள்ளே சுற்றுகிற வேலைக்கு யோசிக்கலாம். ராத்திரி வண்டி நிறுத்துகிற இடத்திலேயே சார்ஜ் போட வசதி இருந்தால் மட்டும்.

கொணவட்டம் பட்டறை

அண்ணா, அந்தப் பத்து குடுக்குற வண்டிய விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ பட்டறைக்கு எடுத்துட்டு வா. இன்ஜெக்டரும் ஏர் ஃபில்டரும் பாத்து, நாலு டயர்லயும் காத்து சரியா வெச்சுக் குடுக்கறேன். வாங்கறவங்க ஓட்டிப் பாத்தா பன்னண்டாவது காட்டணும், வெலயும் கொஞ்சம் நல்லா வரும். செவ்வாக்கெழம வா, கூட்டம் இருக்காது.